மாவாட்ட நாலு பேர் தேவை

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அணு அணுவாக முன்னேறுவதற்கு ஆங்கிலத்தில் 'கிரைண்டிங்' என்று பெயர். நம் ஆட்கள் அதை 'மாவாட்டறான்' என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆபீஸில் மாவாட்டினால் ஒண்ணாம் தேதி சம்பளம் தருகிறார்கள். கம்ப்யூட்டரில் மாவாட்டுவதற்கு நாம் மாசாமாசம் பணம் கட்டுகிறோம். அதற்குப் பெயர் பொழுதுபோக்கு!

நான் ஆட்டின கல்லின் பெயர் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. 2004 நவம்பரில் வந்த ஆன்லைன் விளையாட்டு. குள்ளர்கள், பூதங்கள், எலும்புக்கூடுகள், டிராகன்கள் என்று விட்டலாச்சார்யா படத்துக்குள் நாமே இறங்கி நடப்பது போலிருக்கும். அதே காட்டில் ஆயிரக்கணக்கான நிஜ மனிதர்களும் நடந்துகொண்டிருப்பார்கள். 2010-ல் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டார்கள். வருஷாவருஷம் வசதிகள் கூடிக்கொண்டே போக, 'பழைய கஷ்டமே தேவலை' என்று ஒரு கோஷ்டி அடம்பிடித்தது. 2019 ஆகஸ்டில் அந்தப் பழைய வடிவத்தையே 'கிளாசிக்' என்று தூசு தட்டித் திறந்துவிட்டார்கள். இன்ஸ்டன்ட்டை விட்டு ஃபில்டர் காபிக்குத் திரும்பினவர்கள் மாதிரி ஜனங்கள் ஓடிவந்தார்கள். நானும்தான்.

அந்த முதல் வாரத்தில் ஒரு வேடிக்கை. ஒரு குறிப்பிட்ட ஆசாமியைக் கொன்றால்தான் அடுத்த கட்டம். ஆனால் கொல்லப்பட்டவன் மறுபடி முளைத்து வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். காத்திருக்கிற கூட்டமோ திருவிழாக் கூட்டம். என்ன செய்தார்கள் தெரியுமா? வரிசையில் நின்றார்கள்! மந்திரவாதி, வில்லாளி, குள்ளன் எல்லாரும் ரேஷன் கடை மாதிரி ஒருவர் பின் ஒருவராக. போலீஸ் இல்லை, கயிறு கட்டவில்லை, டோக்கன் கொடுக்கவில்லை. கையில் கத்தியோடு மலைப்பாதை நெடுக அமைதியான கியூ. செய்திகளில்கூடப் படம் வந்தது.

கணக்கைப் பார்த்துவிடலாம். கணக்கு தெரிந்தால்தான் வேதனை புரியும்.

முதல் லெவலிலிருந்து இரண்டாவதுக்குப் போக 400 புள்ளி வேண்டும். ஒரு ஓநாயைக் கொன்றால் 50. ஆக எட்டு ஓநாய், பத்து நிமிஷம். 'அட, நாம் கெட்டிக்காரன்தான்' என்று தோன்றும். தோன்றட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். 59-லிருந்து 60-க்குப் போக 2 லட்சத்துச் சொச்சம் புள்ளி வேண்டும். உங்கள் அந்தஸ்துக்குச் சமமான மிருகம் ஒன்றைக் கொன்றால் கிடைப்பது 340. வகுத்துப் பாருங்கள், அறுநூறுக்கு மேல் வருகிறது. அறுநூறு தலை! வாலி, சுக்ரீவன், கும்பகர்ணன் எல்லாரையும் கூட்டினாலும் அவ்வளவு தேறாது. நடுநடுவே யாராவது சாமியார் கூப்பிட்டு 'கரடிப்பல் பத்து கொண்டு வா' என்று எடுபிடி வேலை கொடுத்துப் புள்ளி போடுவார். அதில் ஒரு விசேஷம், எல்லாக் கரடிக்கும் பல் இருப்பதில்லை.

இந்த மாவாட்டலைத் தாங்குவதற்கு அவர்களே ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தை விட்டுப் போகும்போது ஏதாவது சத்திரத்தில் போய்ப் படுத்துவிட்டால், நீங்கள் ஆபீஸ் போய் வரும் எட்டு மணி நேரத்தில் ஒரு லெவலில் 5 சதவீதத்துக்கு 'ஓய்வு' சேர்ந்துவிடும். அது தீரும்வரை கொன்றதற்கெல்லாம் இரட்டைப் புள்ளி. அதிகபட்சம் ஒன்றரை லெவல் வரை சேர்த்து வைக்கலாம். ஏறக்குறைய நம் ஈட்டிய விடுப்பு சமாசாரம். இதன் பூர்வ கதை இன்னும் சுவை. விளையாட்டு வெளிவருவதற்கு முந்தைய சோதனை ஓட்டத்தில், ரொம்ப நேரம் ஆடினால் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்திருந்தார்களாம். ஆடினவர்கள் கொதித்துப் போனார்கள். உடனே பாதிக்கு 'சாதாரணம்' என்றும், முழுசுக்கு 'போனஸ்' என்றும் பெயரை மாற்றினார்கள். எல்லாருக்கும் பரம சந்தோஷம்! சம்பளக் கமிஷன் போடுகிறவர்கள் கவனிக்க.

தனியாகவும் மாவாட்டலாம். ஆனால் நல்ல கத்தி, நல்ல கவசமெல்லாம் குகைகளுக்குள்தான் கிடைக்கும். அங்கே இருப்பதெல்லாம் முரட்டு ரகம். தனியாகப் போனால் சுத்தம். ஐந்து பேர் வேண்டும்.

ஐந்து பேர் என்றால் யாராவது ஐந்து பேர் அல்ல. ஒருத்தர் டாங்க், அதாவது அடி வாங்குகிறவர். ஒருத்தர் வைத்தியர். பாக்கி மூன்று பேர் அடிக்கிறவர்கள். ஆபீஸில் பார்த்திருப்பீர்கள், மேனேஜரின் கோபமெல்லாம் ஒரே மனுஷர் மேல் போய் இறங்கும். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார், மற்ற நாலு பேர் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். அந்தப் புண்ணியவான்தான் டாங்க். மிருகத்தைச் சீண்டிச் சீண்டித் தன் பக்கமே வைத்திருப்பது அவர் வேலை. அவசரக்குடுக்கை ஒருவன் அளவுக்கு மேல் அடித்துவிட்டால் மிருகம் அவன் பக்கம் திரும்பிவிடும். பிறகு வைத்தியர் யாரைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் முழிக்க, ஐந்து பேரும் காலி.

அடிக்கிறதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அடி வாங்கத்தான் ஆள் கிடைக்காது. பொதுச் சேனலில் நாள் முழுக்க ஒரே பஜனை: 'டாங்க் ஒருத்தர் தேவை, மத்த நாலு பேரும் ரெடி.' முக்கால் மணி, ஒரு மணி நேரம் இப்படிக் கூவலாம். ஆள் கிடைத்தாலும் அவர் எங்கோ வேறு கண்டத்தில் இருப்பார். கப்பல் பிடித்து, பறவை ஏறி, மிச்சத்தை நடந்து வந்து சேர வேண்டும். வந்து சேர்வதற்குள் வில்லாளிக்கு 'வீட்ல சாப்பிடக் கூப்பிடறாங்க' என்று அழைப்பு வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து பஜனை.

இதற்கும் ஒரு பரம்பரை உண்டு. 1999 மார்ச்சில் 'எவர்குவெஸ்ட்' என்று ஒன்று வந்தது. அதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் பஞ்சு மெத்தை. அங்கே செத்தால், சேர்த்த புள்ளி குறையும், லெவல்கூட இறங்கும். உங்கள் உடைமையெல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும், வெறுங்கையோடு ஓடிப்போய் எடுத்து வரவேண்டும். மந்திரவாதிகள் சக்தி ஏற்றிக்கொள்ள உட்கார்ந்தால், ஆரம்ப காலத்தில், மந்திரப் புத்தகம் திரையை மறைத்துக்கொள்ளும். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பின்னால் கொலைகாரப் பூதம் வந்தாலும் தெரியாது. நல்ல வேட்டை இடங்களுக்கு, 'அடுத்தது யார், அதற்கடுத்தது யார்' என்று ஆடுபவர்களே ஒரு வெயிட்டிங் லிஸ்ட் வைத்துப் பராமரித்தார்கள்.

நான் வைத்தியர் வேஷம். அமெரிக்கக் கிழக்குக் கரைக்காரர்கள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும்போது எனக்கு விடியற்காலை ஐந்தரை. பால்காரர் வரும் நேரம். மனைவி பாத்திரத்தோடு எட்டிப் பார்ப்பாள்.

"காலங்கார்த்தால யாரோட சண்டை?"

"சண்டை இல்ல. நான் வைத்தியம் பாக்கறேன்."

"எனக்கு ரெண்டு நாளா முதுகு வலி. இங்கயும் கொஞ்சம் பாருங்களேன்."

'பிளாக்ராக் டெப்த்ஸ்' என்று எரிமலைக்குள் ஒரு குகை. குகை என்று சொல்வதே தப்பு, உள்ளே ஒரு ஊரே இருக்கிறது. முழுக்கச் சுற்ற மூன்று மணி நேரம்கூட ஆகும். நடுவில் ஒரு சாராயக்கடை! குள்ளர்கள் குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள், நாம் வம்புக்குப் போகாதவரை அவர்களும் வரமாட்டார்கள். அந்தக் கடை வரை வந்து சேர்ந்தபோது எங்கள் ஐவரில் ஒருவர், குழந்தை அழுகிறது என்று போய்விட்டார். பதிலாள் தேடினோம். நாற்பது நிமிஷம். இரண்டு பேர் பொறுமை இழந்து ஜகா வாங்கினார்கள். மிச்சம் நானும் டாங்க்கும்தான், ஒரு குள்ள வீரன்.

அன்று காலை முழுக்க இவரைக் கவனித்திருந்தேன். நல்ல டாங்க்கை அடையாளம் காண ஒரே பரீட்சை உண்டு. ஒரு சண்டை முடிந்ததும் வைத்தியரின் நீலக் கோடு, அதாவது மந்திர சக்தி, காலியாகியிருக்கும். அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்து அதை நிரப்ப வேண்டும். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்காமலே அடுத்த பூதத்தின் மேல் பாய்ந்துவிடுவார்கள். அப்புறம் செத்துவிட்டு 'வைத்தியர் சரியில்லை' என்பார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் நின்றார். நான் எழுந்த பிறகுதான் நகர்ந்தார்.

சாராயக்கடை வாசலில் அவர் டைப் அடித்தார்: "நீங்க மந்திரம் போடறது கால் செகண்ட் லேட்டா வருதே, எங்கேருந்து ஆடறீங்க?"

"சென்னை. இந்தியா."

"அங்க இப்ப மணி என்ன?"

"காலை ஆறரை."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு: "யோவ், நீ தூங்கவே மாட்டியா?"

பென்சில்வேனியாவில் லாரி ஓட்டுகிறாராம். வாரத்தில் இரண்டு ராத்திரிதான் வீடு. பேச ஆரம்பித்தோம். டீசல் விலை, அவர் அம்மாவின் முழங்கால், எங்கள் ஊர் மழை, லாரியில் பேச்சுத் துணைக்கு ரேடியோ. நாற்பது நிமிஷம் போனதே தெரியவில்லை. பதிலாட்கள் கடைசி வரை வரவில்லை. குகையும் முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு லீவு கிடைக்கும் ராத்திரிகள் எல்லாம் எனக்கு ஐந்தரை மணி டூட்டி. அறுநூறு தலை என்ற கணக்கு அதற்குப் பிறகு உறுத்தவே இல்லை. இரண்டு பேராகக் கொன்றால் புள்ளி ஆளுக்குப் பாதிதான், ஆதாயம் எதுவும் கிடையாது. இருந்தாலும் சேர்ந்தேதான் ஆட்டினோம்.

சரி, ஆள் தேடும் தொல்லைக்கு வைத்தியமே இல்லையா? உண்டு. இந்த விளையாட்டிலேயே 2009 டிசம்பரில் ஒரு பட்டன் வந்தது. அழுத்தினால் மெஷினே வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கிக் குகைக்குள்ளேயே கொண்டு இறக்கிவிடும். கப்பல் இல்லை, நடை இல்லை, பஜனை இல்லை. யாராவது போய்விட்டால் சுருக்கவே பதிலாள். பிரமாதம்தான். குழந்தை தூங்குகிற ஒரு மணி நேரத்தில் ஆடி முடிக்க வேண்டிய தகப்பனுக்கு அது வரப்பிரசாதம், மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அடி வாங்க ஆள் பஞ்சம் தீரவில்லை. 2011-ல் எந்த வேஷத்துக்குத் தட்டுப்பாடோ அதில் வருகிறவர்களுக்கு ஒரு பரிசுப் பை என்று அறிவித்தார்கள். நம்மூர்த் தேர்தல் வாசனை! பேச்சும் போய்விட்டது. 'சீக்கிரம், சீக்கிரம்' என்பது மட்டும்தான் காதில் விழும். நாலு பேரும் இனிமேல் கண்ணிலேயே படப்போவதில்லை என்றால், வைத்தியர் தண்ணீர் குடிக்கிறாரா என்று யார் பார்ப்பார்கள்? ஒரே சர்வருக்குள் ஆடும்போது, பொதுப் பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடினவன் பெயர் ஊருக்கே தெரிந்துபோகும், மறுநாள் அவனை எவனும் சேர்க்கமாட்டான். 2022-ல் கிளாசிக்கின் அடுத்த பாகம் வந்தபோது இந்தப் பட்டனை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். வேண்டும் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர், ஒரே பட்டிமன்றம். 2023-ல் கொடுத்துவிட்டார்கள். சாலமன் பாப்பையா இல்லாமலே தீர்ப்பு.

லாரிக்காரர் 2020 மே மாதம் ஒரு நாள் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிப் போனார். எங்கள் சங்கப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடைசியாக வந்து எத்தனை நாளாயிற்று என்று காட்டும். 7 நாள் என்றது. பிறகு 1 மாதம். பிறகு 1 வருடம். அலுத்துப்போய் விட்டிருக்கலாம், வேறு ஆட்டத்துக்குப் போயிருக்கலாம், கல்யாணம்கூட ஆகியிருக்கலாம். அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்பது உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது அவருடைய குள்ளனின் பெயர் மட்டும்தான், அந்தப் பெயருக்கு எந்த ஊர்த் தபால்காரர் கடிதம் கொடுப்பார்?

போன வாரம் எங்கள் ஆபீஸ் பையன் ஒருவன், இருபத்து நாலு வயசு, கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டான். அவனும் இதே மாதிரி வேறொரு ஆட்டம் ஆடுகிறான்.

"பட்டனை அமுக்கினா ரெண்டு நிமிஷத்துல ஆள் கிடைக்குது சார். நீங்க ஏன் சார் ஒரு மணி நேரம் வெயிட் பண்ணீங்க?"

"நேத்து ராத்திரி ஆடினியா?"

"மூணு மணி வரைக்கும். செம ஆட்டம்."

"கூட ஆடினவங்க பேரு?"

"நாலு பேரு சார்."

"அது தெரியும்ப்பா, பேரு என்ன?"

பையன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தான்.

"அதான் சார் சொல்றேன், நாலு பேரு."