கேட்வே மாற்றித் தராதவை

1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக வகுத்த மோட்பஸ் நெறிமுறையை எனர்ஜி மீட்டர் முதல் விஎஃப்டி வரை எண்ணற்ற கள உபகரணங்கள் இன்றும் பேசுவதால், அவற்றை ஈதர்நெட் வழியே ஸ்காடா கண்காணிப்பு மென்பொருளுடன் இணைக்கும் கேட்வே, அதாவது ஒரு நெறிமுறையின் செய்தியை மற்றொன்றின் வடிவுக்கு மாற்றும் கருவி, ஆலைப் பேனல்களில் பரவலாக இடம்பெற்றுள்ளது. ஐபி முகவரி, பாட் வேகம், பாரிட்டி ஆகியவற்றை நிரப்பியபின் திரையில் எண்கள் தோன்றியதுமே பணி முடிந்ததாகக் கையொப்பமிடும் வழக்கம் ஆபத்தானது.

ஆர்எஸ்-485 கம்பியில் செல்லும் மோட்பஸ் ஆர்டியு சட்டகத்தில் உபகரண முகவரி, செயற்குறி, தரவு, பிழை கண்டறியும் 2 பைட் சிஆர்சி ஆகியவை அடங்கும்; குறைந்தது 3.5 எழுத்துக்கான மௌனமே ஒரு சட்டகத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கிறது. கேட்வே அந்த சிஆர்சியை நீக்கி, செய்தியின் நீளத்தையும் வரிசை எண்ணையும் தாங்கிய 7 பைட் தலைப்பைச் சேர்த்து டிசிபியில் ஏற்றுகிறது. வடிவம் மாறுகிறதே தவிர, கம்பியின் வேகம் மாறுவதில்லை.

9600 பாட் வேகத்தில், 11 பிட் கொண்ட ஓர் எழுத்து கடக்க ஏறத்தாழ 1.15 மில்லிநொடி ஆகும். பத்து ரெஜிஸ்டர்களைப் படிக்கக் கேள்விக்கு 8 பைட்டும் விடைக்கு 25 பைட்டும் தேவைப்படுவதால், 30 எனர்ஜி மீட்டர்களை ஒருமுறை சுற்றிவரக் கம்பிக்கு மட்டுமே 1.1 நொடிக்கு மேல் பிடிக்கும். மௌன இடைவெளிகளும் மீட்டர்கள் விடையளிக்க எடுக்கும் நேரமும் இதற்கு மேல். இந்நிலையில் ஒரு மீட்டருக்கு மின்சாரம் நின்று, கேட்வேயின் காத்திருப்பு 1 நொடி, மறுமுயற்சி 3 என்று அமைந்திருந்தால், அந்த ஒன்றுக்காகவே ஒவ்வொரு சுற்றிலும் 4 நொடி வீணாகும். ஸ்காடா அதற்குள் பொறுமையிழந்து அதே கேள்வியை மீண்டும் அனுப்பினால் வரிசை நீண்டு, நல்ல நிலையிலுள்ள மீட்டர்களும் தொடர்பிழந்தவையாகத் தோன்றும். பராமரிப்புக் குழுவோ பழுதில்லாத கேபிளைச் சோதித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்காடாவின் காத்திருப்பு கேட்வேயின் மொத்தக் காத்திருப்பைவிட நீண்டதாகவும், மறுமுயற்சி ஒரு முனையில் மட்டும் நிகழ்வதாகவும் அமைய வேண்டும். தானே மீட்டர்களைப் படித்து மதிப்புகளைச் சேமித்துவைக்கும் கேட்வேக்களில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை, ஏனெனில் செயலிழந்த மீட்டரின் பழைய அளவு நிகழ்கால அளவைப் போலவே திரையில் நின்றுவிடக்கூடும்.

தரவின் பொருளையும் கேட்வே அறியாது. மோட்பஸ் ரெஜிஸ்டர் 16 பிட் மட்டுமே கொண்டதால் 32 பிட் தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரிந்து வருகிறது. எது முதலில் வரும் என்பதை நெறிமுறை வரையறுக்காமல் உற்பத்தியாளரிடமே விட்டுவிட்டது. 50 ஹெர்ட்ஸ் அலைவெண் பதினாறடி எண்முறையில் 4248, 0000 என வர வேண்டிய இடத்தில் முறை மாறிப் படிக்கப்பட்டால் திரையில் சுழியமே தெரியும்.

எனவே ஒப்படைப்பின்போது ஒரு மீட்டரின் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, அதன் எண் திரையில் என்னவாகிறது, பதிலளிக்காத உபகரணத்தைச் சுட்டும் 0பி பிழைக்குறி ஸ்காடாவை எட்டுகிறதா, மற்ற மீட்டர்கள் எத்தனை நொடி தாமதமாகின்றன என்பவற்றை அளந்து, காத்திருப்பு நேரங்களோடும் ரெஜிஸ்டர் வரிசையோடும் சேர்த்து ஆவணத்தில் பதிந்த பிறகே கையொப்பமிட வேண்டும்.