மோட்டார் குடித்த ஊற்று

டெக்சாஸ்னு சொன்னா உங்களுக்கு எண்ணெய்க் கிணறும் கவ்பாய் தொப்பியும்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு ஊற்று காய்ந்துபோன கதையும் இருக்கு. நாளைக்கு பம்பு டிசைன் பண்ணப் போற நீங்க அதைத் தெரிஞ்சுக்கணும்.

மேற்கு டெக்சாஸில் ஃபோர்ட் ஸ்டாக்டன் என்றொரு ஊர். சுற்றிலும் வறண்ட பூமி. நடுவே பொங்கி வந்தது கொமான்சி ஊற்று. தெற்கே மெக்சிகோவுக்குப் போய்வரும் கொமான்சி பழங்குடிகள் தங்கிச் செல்லும் இடம் அது, பெயரும் அவர்களுடையதே. 1850-களின் இறுதியில் ராணுவ முகாம் வந்தது. பிறகு விவசாயிகள் வந்து, வாய்க்கால் வெட்டி, 6,000 ஏக்கருக்கு மேல் பாசனம் செய்தார்கள்.

1950-களில் ஊருக்கு மேற்கே ஆழ்கிணறுகளும் பெரிய பம்புகளும் வந்தன. ஊற்று மெலிந்தது. வாய்க்கால் விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1954-ல் தீர்ப்பு: நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் நிலத்துக்காரருக்கே சொந்தம். 1961-ல் ஊற்று நின்றுபோனது. வாய்க்காலை நம்பிய வயல்களும் போயின.

"அடியில தண்ணியே தீர்ந்துபோச்சா?"ன்னு கேட்பீங்க. இல்லை. பம்புகள் ஓய்ந்திருக்கும் சில குளிர்காலங்களில் ஊற்று மறுபடி எட்டிப் பார்த்திருக்கிறது. ஊற்று என்பது நிலத்தடி நீர் நிரம்பி வழியும் வாய். நீர்மட்டம் அந்த வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால், அடியில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஊற்றை நம்பியவருக்கு அது பூஜ்யம்தான்.

பம்பு வைத்தவரும் விவசாயி, வழக்குப் போட்டவரும் விவசாயி. வில்லன் யாரும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு வேலி தெரிந்தது, வேலிக்கு அடியில் ஓடிய தொடர்பு தெரியவில்லை.

வேற நாட்டுக் கதைதானேன்னு தள்ளிடாதீங்க. டெக்சாஸ் கோர்ட் பின்பற்றிய விதியின் வேர் 1843-ல் வந்த ஓர் இங்கிலாந்துத் தீர்ப்பு. நம்ம நாட்டு 1882 ஈஸ்மென்ட் சட்டமும் அதே வழியில்தான் போகிறது: வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நில உரிமையாளருக்கு உரிமை உண்டு.

சட்டம் மாறணும். அது மாறும்வரை நாம சும்மா இருக்கணும்னு இல்லை. ஹெட், டிஸ்சார்ஜ், எஃபிஷியன்சி என்று கணக்குப் போடும் தாளில் இன்னொரு வரி சேர்ப்போம்: இந்தத் தண்ணீர் இதுவரை எங்கே வெளியே வந்தது, அதை யார் குடித்தார்கள்? அந்த வரிக்குப் பதில் எழுதாத டிசைன், எஃபிஷியன்சி எவ்வளவு வந்தாலும் அரைகுறைதான்.