குப்பியிலா குடியுரிமை?

தோழனே!

தக்க காரணமின்றிக் குடிமகனின் வீட்டையோ உடலையோ அரசு சோதித்திடலாகாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்ட நாடு அமெரிக்கா. வீட்டு வாசலிலே காவல் நின்ற அந்தச் சட்டம், உழைப்பவனின் சிறுநீர்ப்பை வரையிலே ஆட்சியாளரை நுழையவிட்ட விந்தையை அறிவாயா?

1986 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ரீகன் ஆணை பிறப்பித்தார். அரசு ஊழியர் போதைப்பொருளைத் தொடலாகாது. பணியிலே மட்டுமல்ல, பணி முடிந்த பிறகும்! முக்கியப் பதவியினரைச் சோதித்திட வேண்டும் என்றார். அதே ஆண்டில் சுங்கத் துறையிலும் சோதனை வந்தது. துப்பாக்கி ஏந்தும் பதவிக்கோ, கடத்தலைத் தடுக்கும் பதவிக்கோ செல்ல விரும்பிய ஊழியன் கையிலே குப்பி. தடுப்புக்கு இப்பால் கண்காணிப்பாளர், காதைத் தீட்டிக்கொண்டு! ஓசை கேட்கிறதா என்று கவனிப்பதுதான் அவர் கடமை. 3,600 பேரைச் சோதித்தனர். சிக்கியவர் 5 பேருக்கு மேல் இல்லை. ஆயினும் 1989-இல், இந்தச் சோதனை செல்லும் என்று 5 நீதிபதிகள் கூறினர். செல்லாது என்றனர் நால்வர். பழமைவாதி எனப் பெயர்பெற்ற ஸ்காலியாவே அந்த நால்வரில் ஒருவர்!

"1987-இல் மேரிலாந்தில் ரயில்கள் மோதி 16 பேர் மாண்டனரே, சரக்கு எஞ்சின் ஓட்டியவன் கஞ்சா புகைத்தவனாயிற்றே!" என்பர் எதிர்வாதிகள். உண்மை. அவன் குற்றவாளியே, தண்டனையும் பெற்றான். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவனின் வழி வந்த நாம், போதைக்குப் பரிந்து பேசுவோமா? ஆனால், சிவப்பு விளக்கைத் தாண்டினால் வண்டியைத் தானே நிறுத்தும் கருவி அந்த எஞ்சினிலே இல்லையே! அதைப் பொருத்தாத முதலாளியின் பொறுப்பை எந்தக் குப்பியிலே பிடித்துச் சோதித்தார்கள்?

மேலும், சிறுநீர் என்ன சொல்கிறது? இன்று இவன் மயங்கியிருக்கிறானா என்று சொல்வதில்லை. என்றோ உட்கொண்டதன் எச்சம் இருக்கிறது என்றே சொல்கிறது. கஞ்சாவின் எச்சம் வாரக்கணக்கில் தங்கும். கசகசா தூவிய ரொட்டி தின்றவனும் அபினி தின்றவனாகக் காட்டப்பட்டதால், 1998-இல் அளவையே மாற்றினார்கள். இத்தகைய சாட்சியை நம்பியா ஒருவன் வீட்டு அடுப்பை அணைப்பது?

இனிக் கேள், நீதியின் இன்னொரு முகத்தை! ஜார்ஜியா மாநிலம் 1990-இல் சட்டம் இயற்றிற்று: மாநிலப் பதவிகளுக்குப் போட்டியிடுவோரும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று. தம் சொந்த மருத்துவரின் அறையிலேயே மாதிரி தரலாம் என்ற சலுகையும் உண்டு. அதே உச்சநீதிமன்றம் 1997-இல் என்ன சொல்லிற்று? செல்லாது என்றது, 8-க்கு 1 என்ற கணக்கில்! வேட்பாளர்களை நாடே கவனித்துக்கொண்டிருக்கிறது, ஆகவே சோதனை வேண்டாமாம்! மேற்பார்வையாளன் கண்முன்னே நாள்தோறும் நிற்கும் தொழிலாளியை மட்டும் யாரும் கவனிப்பதில்லையோ? சட்டம் இயற்றுவோனுக்கு மானம் உண்டு. சரக்கு ஏற்றுவோனுக்கு இல்லையோ?

தனியார் ஆலையிலோ இன்னும் மோசம். அந்த அரசியல் சட்டக் காவல் அரசைத்தான் கட்டுப்படுத்தும், முதலாளியைக் கட்டுப்படுத்தாது. மாநிலச் சட்டம் குறுக்கிட்டாலன்றி அவன் வைத்ததே விதி. கலிஃபோர்னியா குறுக்கிட்டது: போதை தராத கஞ்சா எச்சத்தைக் காரணங்காட்டித் தொழிலாளியை ஒதுக்கலாகாது என்ற சட்டம், சில விலக்குகளுடன், 2024 சனவரி முதல் அங்கே நடப்பில் இருக்கிறது.

நாம் கேட்பது இதுதான்: பிறர் உயிர் ஒருவன் கையிலே இருக்குமானால், வேலை தொடங்குமுன் அவன் கண்ணையும் கையையும் கவனத்தையும் சோதித்துப் பார்! தள்ளாடினால் தடுத்து நிறுத்து! போதைக்கு அடிமையென்றால் மருத்துவம் கொடு! மற்றவன் மானத்திலே கைவைக்காதே!

முதலாளி கூலி கொடுத்து வாங்குவது 8 மணி நேர உழைப்பை. எஞ்சிய 16 மணி நேரமும், அந்த உடலும், உழைப்பவனுக்கே உரியவை!