நடுக்கடலில் அளந்தால்தான் நம்ம ஊர் மழை தெரியும்!

புயலை வேவு பார்க்கும் ஆய்வுக்கப்பல்கள்: கீழ்பென்னாத்தூர் விவசாயிக்கு தகவல் வந்து சேருகிறதா?

கீழ்பென்னாத்தூர்:

மல்லாட்டை விதைக்கலாமா, நாலு நாள் பொறுக்கலாமா? கீழ்பென்னாத்தூர் வட்டார விவசாயிகள் ஒவ்வொரு கார்த்திகை மாதமும் வானத்தை பார்த்து கேட்கும் கேள்வி இது. ஆனால் இதற்கான பதில் வானத்தில் மட்டும் இல்லை. பாதி பதில் வங்கக்கடல் தண்ணீருக்குள் கிடக்கிறது. அந்த பதிலை தேடித்தான் ஆய்வுக்கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் சுற்றுகின்றன.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கடல் தள்ளி இல்லை

கீழ்பென்னாத்தூர் கடற்கரை ஊர் அல்ல. இங்கே யாரும் வலை வீசுவது இல்லை. நெல், மணிலா, கரும்பு, நாலு மாடு என்று பிழைப்பு நடத்தும் ஊர். "புயல் எல்லாம் கடலூருக்கும் நாகைக்கும்தான், நமக்கு என்ன?" என்ற பேச்சு டீக்கடைகளில் ரொம்ப காலமாக இருந்தது.

ஆனால் வரைபடத்தில் நேர்கோடு போட்டு பார்த்தால் கீழ்பென்னாத்தூருக்கும் புதுச்சேரி, மரக்காணம் கடற்கரைக்கும் நடுவில் சுமார் 80 கி.மீ. தூரம்தான். ஒரு புயலுக்கு இது ஒரு தூரமே இல்லை.

இதை 2024-ம் ஆண்டு பெஞ்சல் புயல் எல்லோருக்கும் புரிய வைத்துவிட்டது.

பெஞ்சல் ஆடிய ஆட்டம்

2024 நவம்பர் கடைசி வாரத்தில் வங்கக்கடலில் உருவான காற்றழுத்த தாழ்வு மண்டலம், வானிலை நிபுணர்களையே திணற வைத்தது. புயலாக மாறும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. மாறவில்லை. புயலாகாமலே கரையை கடக்கும் என்று பிறகு சொல்லப்பட்டது. ஆனால் நவம்பர் 29-ந்தேதி அது புயலாகவே மாறியது.

30-ந்தேதி இரவு புதுச்சேரி அருகே கரையை கடந்த புயல், அதோடு போய்விடவில்லை. அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து மேற்கே நகர்ந்தபோது, செங்கத்தை தாண்டியுள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பெய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாத வடகிழக்கு பருவமழையில் தமிழ்நாட்டுக்கு சராசரியாக கிடைப்பதே சுமார் 44 செ.மீ.தான். அதைவிட அதிகமான மழை ஒரே நாளில் பெய்துவிட்டது.

டிசம்பர் 1-ந்தேதி திருவண்ணாமலை தீபமலையில் மண் சரிந்தது. பாறை உருண்டு வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. 5 குழந்தைகள் உள்பட 7 பேர் பலியானார்கள். மறுநாள் அதிகாலையில் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தில் மிதந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 13-ந்தேதி கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை.

இவ்வளவும் எங்கே தொடங்கியது? நடுக்கடலில்.

சூடுதான் தீனி

புயலுக்கு தீனி கடல் சூடு. கடலின் மேல்தண்ணீர் சுமார் 26½ டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால்தான் புயல் உருவாகி வளரும். வங்கக்கடலில் பல மாதங்கள் 28 டிகிரிக்கு குறையாமல் இருக்கும்.

மேலே மட்டும் சூடு இருந்தால் போதாது. சூடான தண்ணீர் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பதுதான் முக்கியம். புயல் காற்று கடலை மத்து போட்டு கடைவதுபோல் கடையும். அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அது வந்துவிட்டால் புயலுக்கு தீனி குறையும்.

ஆனால் வங்கக்கடல் கதையே வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய ஆறுகள் எல்லாம் இங்கேதான் கொட்டுகின்றன. இந்த நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது. பால் மேல் ஆடை படிவதுபோல் கடல் மேலே படிந்து நிற்கிறது. கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீரை சுலபத்தில் மேலே வர விடாது. அதனால் புயலுக்கு தீனி நிற்காது.

இந்த விஷயங்களை எல்லாம் கரையில் உட்கார்ந்துகொண்டு அளக்க முடியாது. செயற்கைக்கோள் கடலின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். 50 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் சூடா, குளிர்ச்சியா என்று அதற்கு தெரியாது. அதற்கு ஆள் போக வேண்டும், கருவியை இறக்க வேண்டும். இங்கேதான் ஆய்வுக்கப்பல் வருகிறது.

கப்பலில் என்ன வேலை?

மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கப்பல்களில் பழையது சாகர் கன்யா. 1983-ல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையம் இதை நடத்துகிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்திடம் சாகர் நிதி என்ற கப்பல் இருக்கிறது. இத்தாலியில் கட்டப்பட்ட இந்த கப்பல் சுமார் 104 மீட்டர் நீளம். 2008 முதல் ஓடுகிறது.

கப்பலில் இரவு, பகல் கிடையாது. ஷிப்ட் முறையில் வேலை நடக்கும். கப்பலை ஓர் இடத்தில் நிறுத்தி, ஒரு இரும்புக்கூண்டை கம்பிவடத்தில் கட்டி கடலுக்குள் இறக்குவார்கள். கூண்டில் உள்ள கருவி, இறங்க இறங்க தண்ணீரின் சூடு, உப்பு, அழுத்தம் மூன்றையும் அளந்துகொண்டே போகும். சுற்றிலும் உள்ள பாட்டில்கள் வேண்டிய ஆழத்தில் மூடிக்கொண்டு அந்த ஆழத்து தண்ணீரை பிடித்துவரும். ஒரு தடவை இறக்கி ஏற்றவே மணிக்கணக்கில் ஆகும். அடுத்த இடத்துக்கு போய் மறுபடியும் இதே வேலை.

அதே நேரத்தில் மேல்தளத்தில் இருந்து வாயு அடைத்த பலூனை பறக்க விடுவார்கள். அதில் கட்டிய சின்ன பெட்டி 20 கி.மீ.க்கு மேல் உயரம் வரை போய் காற்றின் வேகம், ஈரம், வெப்பம், அழுத்தம் ஆகியவற்றை ரேடியோ மூலம் சொல்லும். பலூன் வெடித்தால் பெட்டி கடலில் விழும். திரும்ப கிடைக்காது.

மேலே வறண்ட காற்று புகுந்தாலும், உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறினாலும் புயல் வலுப்பெற முடியாமல் தடுமாறும். கடல் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது, மேலே காற்றையும் அளக்க வேண்டும் என்பது இதனால்தான்.

1999-ம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வங்கக்கடலில் பருவமழை ஆய்வு ஒன்று நடந்தது. சாகர் கன்யாவும், சாகர்த்வனி கப்பலும் இதில் ஈடுபட்டன. 2016-ல் இந்திய, இங்கிலாந்து விஞ்ஞானிகள் சிந்து சாதனா என்ற கப்பலில் போய் தெற்கு வங்கக்கடலை அளந்தார்கள். இப்படி சேர்த்த கணக்குகள்தான் கம்ப்யூட்டரில் மழையை கணிக்கும் முறைகளை திருத்த உதவுகின்றன.

புயலுக்குள் கப்பல் போகுமா?

போகாது. போனால் கப்பலும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது. அமெரிக்காவில் புயலுக்குள் விமானத்தையே ஓட்டி அளக்கிறார்கள். நம் நாட்டில் அது இன்னும் வாடிக்கையாகவில்லை.

அதனால் கப்பல் முன்கூட்டியே போய் காவலாளியை நிறுத்திவிட்டு வருகிறது. அதுதான் மிதவை. மஞ்சள் நிறத்தில் பெரிய குடை ராட்டினம்போல் மிதக்கும். கீழே பல கிலோமீட்டர் நீளத்துக்கு கயிறு கட்டி கடல் தரையில் நங்கூரம் போட்டிருப்பார்கள். மேலே காற்றையும் அழுத்தத்தையும், கீழே 500 மீட்டர் ஆழம் வரை சூட்டையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோள் வழியாக கரைக்கு அனுப்பும். புயல் தலைக்கு மேலே போனாலும் வேலையை விடாது.

வங்கக்கடல், அரபிக்கடல் இரண்டிலும் சேர்த்து இப்படிப்பட்ட ஆழ்கடல் மிதவைகள் சுமார் ஒரு டஜன் மட்டுமே. இது தவிர, கட்டிப்போடாமல் நீரோட்டத்தில் போகும் ஆர்கோ மிதவைகளும் உண்டு. இவை 10 நாளைக்கு ஒருமுறை 2 ஆயிரம் மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழுந்து தகவல் அனுப்பும். உலக கடல்களில் சுமார் 4 ஆயிரம் ஆர்கோ மிதவைகள் சுற்றுகின்றன.

உயிர் காத்த கணக்கு

இதனால் என்ன பயன் என்று கேட்டால், ஒடிசாவை பார்க்கலாம். 1999 அக்டோபர் 29-ந்தேதி தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் செத்தார்கள். 2013 அக்டோபர் 12-ந்தேதி கோபால்பூர் அருகே பைலின் புயல் அடித்தது. அதுவும் மிகக்கடுமையான புயல்தான். ஆனால் பலி 50-ஐ தாண்டவில்லை. முன்கூட்டியே சுமார் 10 லட்சம் பேரை பத்திரமான இடத்துக்கு மாற்றியதுதான் காரணம். புயல் எங்கே, எப்போது வரும் என்று நாலைந்து நாளைக்கு முன்பே தெரிந்ததால்தான் இது முடிந்தது. பாதுகாப்பு கட்டிடங்கள், ரேடார், அதிகாரிகளின் உழைப்பு எல்லாம் சேர்ந்த வெற்றி அது. கடலில் அளந்த கணக்குக்கும் அதில் பங்கு உண்டு.

ஓட்டை எங்கே?

சங்கிலி நீளமானது. அதன் இரண்டு முனைகளிலும் பலம் குறைவு.

ஒரு முனை கடலில். சாகர் கன்யாவுக்கு வயது 40 தாண்டிவிட்டது. புது ஆய்வுக்கப்பல் கட்ட கொல்கத்தாவில் உள்ள கார்டன் ரீச் நிறுவனத்துடன் 2024 ஜூலையில்தான் சுமார் 840 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. கட்டி முடிக்க மூன்றரை ஆண்டு அவகாசம்.

மிதவைகளுக்கும் ஆபத்து உண்டு. மிதவை நிழலில் மீன் கூடும். அதற்காக படகுகள் அங்கே போகும்போது வலையும் தூண்டிலும் சிக்கி கருவிகள் சேதமாகின்றன. சில நேரம் பாகங்கள் கழற்றப்பட்டுவிடுகின்றன. ஒரு மிதவை பேச்சை நிறுத்தினால், கப்பல் மறுபடியும் பல நாள் பயணம் போய் சரிசெய்ய வேண்டும். அதுவரை அந்த இடத்தில் கடல் ஊமைதான். மிதவையை காப்பாற்றுவது உங்கள் உயிரை காப்பாற்றுவது மாதிரி என்று மீனவ கிராமங்களில் விழிப்புணர்வு கூட்டங்கள் நடத்தப்படுகின்றன.

இன்னொரு முனை நம்ம ஊரில். கடலில் அளந்தது ஐதராபாத், டெல்லி, சென்னை எல்லாம் சுற்றி மாவட்டத்துக்கு ஒரு வரியில் வந்து நிற்கிறது. "திருவண்ணாமலை மாவட்டத்தில் கனமழைக்கு வாய்ப்பு". இந்த மாவட்டம் 6 ஆயிரம் சதுர கி.மீ.க்கு மேல் பரந்தது. ஜவ்வாதுமலையும் இதில்தான், செய்யாறும் இதில்தான், கீழ்பென்னாத்தூரும் இதில்தான். ஓர் இடத்தில் கொட்டினால் இன்னோர் இடத்தில் தூறல்கூட இருக்காது.

மணிலா விதைக்க ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேல் விதைப்பருப்பு வேண்டும். விதைத்த இரண்டு நாளில் மழை அடித்து தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். விதை, உழவு, ஆள்கூலி மூன்றும் போச்சு. மழை வரும் என்று பயந்து தள்ளிப்போட்டு, மழையே வராவிட்டால் பட்டம் தவறிவிடும். முற்றிய சம்பா நெல்லுக்கும் இதே பாடுதான். அறுக்கலாமா, விடலாமா என்ற ஒரு நாள் முடிவில் ஒரு போகமே அடங்கியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஆலோசனை சொல்லத்தான் நாடு முழுவதும் மாவட்ட அளவில் 199 வேளாண் வானிலை அலகுகள் இயங்கின. ஒன்றியம் வரை இறங்கி மழை தகவலும், பயிருக்கு என்ன செய்யலாம் என்ற யோசனையும் சொன்னார்கள். 2024 மார்ச் மாதத்தோடு அவை மூடப்பட்டன. பெஞ்சல் புயல் வந்தது அதே ஆண்டு நவம்பரில்.

நல்ல சேதியும் உண்டு

2024 செப்டம்பரில் 2 ஆயிரம் கோடி ரூபாயில் 'மிஷன் மவுசம்' திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. 2025 மே மாதம் 'பாரத் முன்னறிவிப்பு' முறை தொடங்கப்பட்டது. முன்பு 12 கி.மீ.க்கு 12 கி.மீ. கட்டமாக பிரித்து கணித்தார்கள். இப்போது 6 கி.மீ. கட்டம். அதாவது கீழ்பென்னாத்தூருக்கு ஒரு கணக்கு, திருவண்ணாமலைக்கு வேறு கணக்கு என்று பிரித்து சொல்ல வழி பிறந்திருக்கிறது. 'மேக்தூத்' என்ற செல்போன் செயலியில் விவசாயிகள் வானிலை ஆலோசனை பார்க்கலாம். தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியிலும் மழை எச்சரிக்கை வருகிறது.

ஆனால் கட்டம் சின்னதானால் மட்டும் கணிப்பு சரியாகிவிடாது. கம்ப்யூட்டருக்குள் போகும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். அதற்கு கடலில் கப்பலும் மிதவையும் அதிகமாக வேண்டும். வெளியே வரும் தகவல், செல்போன் பார்க்க தெரியாத பெரியவர் வரை தமிழில், அவர் ஊர் பேரோடு போய் சேர வேண்டும். ரேஷன் கடை, பால் சொசைட்டி, பஞ்சாயத்து ஒலிபெருக்கி என்று ஊரில் எல்லோர் காதிலும் விழும் இடங்கள் இருக்கின்றன. அங்கே தினமும் ஒரு தடவை சொல்ல பெரிய செலவு ஆகாது.

மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மாவட்டத்துக்கு கனமழை என்று சொல்வது வேறு. இந்த சரிவில் இருக்கும் தெருக்காரர்கள் இன்று இரவு பள்ளிக்கூடத்தில் படுங்கள் என்று சொல்வது வேறு. வ.உ.சி. நகரில் 7 உயிர் போன பிறகு இந்த வித்தியாசத்தை யாருக்கும் விளக்க வேண்டியது இல்லை.

கோடிக்கணக்கில் செலவு செய்து கப்பல் அனுப்பி கடலை அளக்கிறார்கள். அந்த கணக்கு அடுத்த கார்த்திகைக்குள், மல்லாட்டை மூட்டையை பிரிப்பதற்கு முன்பே தங்கள் ஊருக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் கீழ்பென்னாத்தூர் வட்டார விவசாயிகளின் எதிர்பார்ப்பு ஆகும்.