சுற்றுப்படமும் சுயமரியாதையும்

நீலகிரி ஜில்லாவில் பைக்காராவுக்கு அண்மையில் கிளென்மார்கன் என்று ஓர் ஊர் இருப்பதை வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். அவ்வூர் மலைமுகட்டில் எடுக்கப்பட்ட சுற்றுப்படம் ஒன்றைச் சமீபத்தில் ஒரு தோழர் தமது செல்போனில் நமக்குக் காட்டினார். விரலால் ஒருபுறம் தள்ளினால் தேயிலைத் தோட்டம் வருகிறது. மறுபுறம் தள்ளினால் நீர்த்தேக்கம் வருகிறது. இன்னும் தள்ளினால் மலை அறுந்து விழுந்தது போன்ற பள்ளமும், அதற்கப்பால் முதுமலைக் காடும், மைசூர்ச் சீமையின் மேட்டு நிலமும் தெரிகின்றன. பஸ் சார்ஜ் இல்லை, ஓட்டல் வாடகை இல்லை, மலைக்குளிரும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஊரைச் சுற்றிப் பார்த்தாகிவிட்டது.

“பார்த்தீர்களா, இனி யாரும் எதையும் மறைக்க முடியாது, நாலாபக்கமும் தெரிந்துவிட்டது” என்று அத்தோழர் பெருமையாகச் சொன்னார். அவருடைய சந்தோஷத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் “நாலாபக்கமும் தெரிந்துவிட்டது” என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் கொஞ்சம் பரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, இந்த யந்திரத்தை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஏனெனில் யந்திரத்துக்கு ஜாதி இல்லை. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடப்பதற்காக 1924-ல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் நுழைவதற்கு 1939 ஜூலை வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அதே மதுரை முதலிய ஊர்க் கோயில்களின் பிராகாரத்தையும் மண்டபத்தையும் ஒரு தோட்டித் தொழிலாளியின் பிள்ளை செல்போனில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். கோத்திரம் என்ன, நட்சத்திரம் என்ன, தட்சிணை எவ்வளவு என்று அது கேட்பதில்லை. அன்றியும், தூரத்தில் நின்று கன்னத்தில் போட்டுக் கொண்டவன் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்க்கும்போது, தேவலோகத்துத் தச்சன் ஒரே இரவில் கட்டினான் என்று கதை சொன்ன தூணிலே மனிதனுடைய உளித் தழும்பைக் காண்கிறான். இந்த ஒரு லாபத்துக்காகவே இப்படங்கள் ஊருக்கு ஊர் பெருக வேண்டும் என்போம்.

நிற்க, இவ்வளவு தூரம் தாராளமாகச் சுற்றுகிற யந்திரம் கருவறை வாசலில் வந்ததும் ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்கிறோம். வாசற்படிக்கு இப்புறம் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. அப்புறம் ஒன்றும் இல்லை. யந்திரத்துக்குத் தீட்டு உண்டா? கண்ணாடி வில்லைக்கு மடி ஆசாரம் தெரியுமா? யந்திரம் நிற்கவில்லை தோழர்களே, அதைப் பிடித்திருக்கும் மனிதனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கருவறைக்குள் எல்லா ஜாதியாரும் பூசை செய்யலாம் என்பதற்கு 1970-ல் சட்டசபையில் சட்டம் செய்த பிறகும், கோர்ட்டுகளின் படிகளில் ஏறி இறங்கி, 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற பல ஜாதி இளைஞர்களுக்கு அர்ச்சகர் உத்தியோக உத்தரவு கைக்கு வந்தது என்றால், படம் எங்கே நிற்கிறது என்பதும் ஏன் நிற்கிறது என்பதும் விளங்காமற் போகாது. யந்திரத்துக்கு ஜாதி இல்லைதான். ஆனால் அதை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறவனுக்கு ஜாதி இருந்துகொண்டுதான் வருகிறது.

இந்தச் சுற்றுப்படமே புதிய சங்கதி அல்ல. இருநூறு வருஷங்களுக்கு முன்னமே அதன் பாட்டன் பிறந்துவிட்டான். ராபர்ட் பார்க்கர் என்ற சித்திரக்காரர், வட்டமான கட்டடத்தின் சுவர் முழுதும் படம் வரைந்து, நடுவில் ஜனங்களை நிறுத்தி, நாற்புறமும் பார்க்க வைக்கும் முறைக்கு 1787-ல் உரிமை வாங்கி, 1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே மண்டபம் கட்டினார். அதற்குப் பிறகு 1800-ல், ராபர்ட் கெர் போர்ட்டர் என்பவர் வரைந்த ஒரு மாபெரும் வளைவுப் படத்தைப் பார்ப்பதற்கு லண்டன்வாசிகள் கட்டணம் கொடுத்துக் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். அது என்ன படம்? 1799 மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை பிடிபட்டு, திப்பு சுல்தான் மாண்ட யுத்தத்தின் படம்! செத்தவன் நாட்டை ஜெயித்தவன் ஊரிலே டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். அந்த யுத்தத்தின் பலனாகத்தான் நீலகிரியும் கம்பெனியார் கைக்குப் போயிற்று. இன்று கிளென்மார்கன் முகட்டில் நின்று மைசூர்ச் சீமையை வேடிக்கை பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்பது நல்லது. படம் எவ்வளவு அகலமாயிருந்தாலும், துணியைப் பிடித்திருக்கிறவன் காட்டுகிற பக்கந்தான் தெரியும்.

புகைப்படப் பெட்டி மலைக்கு வந்த பிறகும் இதே கதைதான். மண்டையின் மேடுபள்ளத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் “சாஸ்திரத்தை” நம்பிய மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி, தோடர்களைப் பற்றி 1873-ல் புகைப்படங்களோடு ஒரு புத்தகம் வெளியிட்டார். நம்மவர்கள் ஜாதகக் கட்டத்தைப் பார்ப்பதற்கும் அவர் மண்டை ஓட்டைப் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? வெள்ளைக்காரன் செய்தால் மூடநம்பிக்கை விஞ்ஞானமாகிவிடுமா? நிற்கச் சொன்ன இடத்தில் தோடர் நின்றார். நிற்கச் சொன்னவன் தன்னைப் படத்தில் சேர்த்துக் கொள்ளவில்லை.

இனி, இப்போதைய சுற்றுப்படம் செய்யப்படும் விதத்தைச் சொல்லுகிறோம். முக்காலியில் பெட்டியை வைத்து, ஒரே புள்ளியில் சுழற்றிப் பல படங்களை, ஒன்றின் ஓரம் மற்றொன்றில் படியும்படி எடுக்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டரில் அவற்றை ஒட்டுத் தெரியாமல் தைத்து ஓர் உருண்டையாக்குகிறார்கள். அதில் இரண்டு காரியங்கள் நம் கவனத்துக்கு உரியவை. ஒன்று, முக்காலியின் கால்கள் தெரிந்தால் பார்வைக்கு அழகாயிராதென்று, அந்த இடத்தில் பக்கத்துப் புல்லையோ தரையையோ எடுத்து ஒட்டி மூடிவிடுகிறார்கள், அல்லது தங்கள் முத்திரையைப் போட்டு மறைக்கிறார்கள். அதாவது நாலாபக்கமும் காட்டுகிற படம், தான் நிற்கும் காலடியை மட்டும் காட்டுவதில்லை. மற்றொன்று, படம் எடுக்கும்போது யாராவது நடந்தால் தையல் விழும் இடத்தில் அவர் பாதி உடம்பாகத் தெரிவார். ஆகவே அவரை அழித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆள் போகும்வரை காத்திருப்பார்கள். அசையாத மரமும் கல்லும் நிலைக்கும்; வேலை செய்து அசைகிறவன் மறைவான். சிங்காரக் காட்சிகளில் மனிதரே இல்லாதிருப்பதன் ரகசியம் இதுதான்.

கிளென்மார்கன் படத்திலும் இப்படித்தான். தேயிலைச் செடி பச்சைக் கம்பளம்போல் தெரிகிறது. முதுகில் கூடையுடன் கொழுந்து கிள்ளும் ஒரு பெண்கூட இல்லை. கம்பளம் தானாக நெய்துகொண்டதா? நீர்த்தேக்கம் கண்ணாடிபோல் தெரிகிறது. அது பொழுதுபோக்குக்கு வெட்டிய குளமல்ல. பைக்காராத் தண்ணீரை அங்கே தேக்கி, இரும்புக் குழாய்களின் வழியாக 3000 அடிக்கு மேற்பட்ட பள்ளத்திலுள்ள சிங்காராவுக்கு இறக்கி, 1932-ல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். குழாய்களை ஒட்டியே செங்குத்தான தண்டவாளத்தில் கம்பிக் கயிறு இழுக்கும் வின்ச் வண்டியும் போட்டார்கள். கோயமுத்தூரில் பஞ்சாலைகள் பெருகியதற்கு இந்த மின்சாரம் ஒரு பெருங்காரணம். ஆகாயத்திலிருந்து விழுந்த கங்கையைச் சிவன் சடையில் தாங்கினான் என்ற கதைக்கு ஊருக்கு ஊர் சித்திரம் இருக்கிறது. மூவாயிரம் அடி விழும் தண்ணீரை இரும்புக் குழாயில் தாங்கிக் காட்டிய கூலியாளுக்கு எந்தச் சுவரில் சித்திரம் இருக்கிறது? பக்கத்து நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டம் போட்டபோது சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அவர்களை அடைத்த ஜெயில் இன்று வேடிக்கை பார்க்கும் இடம். ஜெயிலுக்குப் படம் இருக்கிறது. கைதிக்கு முகம் இல்லை.

“அழகைப் பார்க்க வந்த இடத்தில் கூலிக்காரன் கதை எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அழகு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுகிறவன் சமைத்தவள் யார் என்று கேட்டால் ருசி குறைந்துவிடாது. கேட்காமலேயே சாப்பிட்டுப் பழகியதன் பலன்தான், உழைக்கிறவன் கீழ்ஜாதி, உட்கார்ந்து தின்கிறவன் மேல்ஜாதி என்று நம் நாட்டில் ஆகியிருப்பது. கட்டினவனை மறந்து, “கடவுள் படைத்த இயற்கை எழில்” என்று எழுதிவிட்டால் கூலியும் கேட்க வேண்டியதில்லை, உரிமையும் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆதலால் இரண்டு காரியங்களைச் சொல்லுகிறோம். சர்க்காரின் சுற்றுலா இலாகாவும் அறநிலையத்துறையும் இப்படிப்பட்ட படங்களைப் போடும்போது, ஸ்தல புராணத்தை எழுதும் இடத்தில், இதைக் கட்டியவர் யார், எந்த வருஷம், இந்தத் தெருவில் நடக்கக் கூடாதென்று யாரை எப்போது தடுத்தார்கள் என்பதை எழுத வேண்டும். ஜனங்களின் வரிப்பணத்திலும் உண்டியல் பணத்திலும் எடுக்கும் படம் ஜனங்களுக்கு அறிவைக் கொடுக்கட்டும். வீட்டிலிருந்தே அர்ச்சனைக்குப் பணம் கட்ட வழிகாட்டும் புதுத் தரகு வேலை அதற்கு வேண்டாம்.

இரண்டாவது காரியம் நமது இளைஞர்களுடையது. கூகிள் கம்பெனி 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களின் தெருக்களைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தது. உங்கள் ஊர்க் கோடியிலுள்ள சேரிக்கு அது வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் படம் எடுக்கும் சக்தி இப்போது உங்கள் சட்டைப்பையிலுள்ள செல்போனிலேயே வந்துவிட்டது. தோட்டத்து லயன் வீட்டையும், தனிச் சுடுகாட்டையும், பூட்டிய பொதுக் கிணற்றையும் எடுங்கள். ஆனால் மார்ஷலைப்போல் எடுக்காதீர்கள். அங்கே இருப்பவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் எடுங்கள். அவர்கள் சொல்லும் வார்த்தையையும் கூடவே வையுங்கள். அவர்கள் வேடிக்கைப் பொருளல்ல, படத்துக்குச் சொந்தக்காரர்கள்.

அடுத்த முறை யாராவது ஒரு சுற்றுப்படத்தைக் காட்டி “நாலாபக்கமும் பார்” என்றால், பாருங்கள், ரசியுங்கள். பிறகு படத்தைக் கீழே இழுத்து, முக்காலி நின்ற இடத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பகுத்தறிவு என்பது பெரும்பாலும் அந்தக் காலடியைப் பார்க்கும் பழக்கந்தான் என்பது நமது அபிப்பிராயம்.