ஒலி செல்லும் வழியை முதலில் எழுதுவோம்

வீட்டில் ஓர் ஒலிப்பதிவு அறை அமைக்க விரும்புவோர் கேட்கும் முதல் கேள்வி, எந்த மைக்கை வாங்கலாம் என்பதே. அடுத்தது ஸ்பீக்கரைப் பற்றியது. வாங்கிய கருவிகளை எந்த ஒழுங்கில் இணைப்பது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. என் கருத்தில் அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். ஒலி ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி தெளிவாக வகுக்கப்பட்டு, எழுதியும் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே ஒரு சிறிய கூடத்தின் பயன் அமைகிறது.

இதைத் தொழில்நுட்ப ஒழுங்கு என்று மட்டும் கருதிவிட இயலாது. தனியிசைக் கலைஞர்களின் பாடல்களோடு, முதிய நாட்டார் பாடகர்களின் குரல்களும் இன்று இத்தகைய வீட்டு அறைகளில் பதிவாகின்றன. முதிய பாடகர் ஒருவர் மனம் இசைந்து பாடத் தொடங்கும் வேளையில், "சற்றுப் பொறுங்கள், மைக் வேலை செய்யவில்லை" என்று மேசைக்குப் பின்னால் குனிந்து கம்பிகளைத் துழாவுகிறோம். அந்த அரைமணி நேரத்தில் அவரது குரலும் மனமும் சோர்ந்துவிடுகின்றன. பழுதான கம்பியைக் கண்டுபிடித்துவிடலாம். கலைந்த மனநிலையை மீட்பது அரிது.

ஒலிப்பதிவுக் கூடங்கள் இந்த ஒழுங்கைத் தொலைபேசி நிலையங்களிடமிருந்தே கற்றன. கிட்டாரிலும் கீபோர்டிலும் நாம் செருகும் கால் அங்குலப் பிளக், 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்புப் பலகையின் வழித்தோன்றலாகும். பேட்ச் பே என்னும் இணைப்புப் பலகையும் அம்மரபினதே. அதன் மேல்வரிசையில் கருவிகளின் வெளியீடுகளும் கீழ்வரிசையில் உள்ளீடுகளும் அமையும். 'ஹாஃப் நார்மல்' முறையில், எதையும் செருகாதபோதே மேலிருந்து கீழுக்குத் தொடர்பு நிலைத்திருக்கும். மேலே கம்பியைச் செருகினால் சிக்னலின் ஒரு பிரதி கிடைக்கும். கீழே செருகினால்தான் பழைய தொடர்பு அறும். அன்றாட வேலைக்குக் கம்பியே தேவையில்லை, விதிவிலக்குக்கு மட்டுமே தேவை என்பது இதன் உட்கருத்து. எந்த வீட்டு அறைக்கும் பொருந்தும் நெறி இது. ஆனால், மைக்குக்கு 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் செல்லும் வழியைக் கால் அங்குலப் பலகைக்குள் கொண்டுவரலாகாது. செருகும்போது முனைகள் ஒன்றோடொன்று உரசும். ரிப்பன் மைக் போன்றவை பழுதடையக்கூடும்.

வழியை வரையும்போதுதான் வேறு சில உண்மைகளும் புலப்படும். தொழில்முறைக் கருவிகளின் லைன் அளவு ஏறக்குறைய 1.23 வோல்ட், வீட்டு உபயோகக் கருவிகளினுடையது 0.316 வோல்ட். இடைவெளி ஏறத்தாழ 12 டெசிபல். இதை அறியாமல் இணைத்துவிட்டு, ஒலி மெலிகிறது என்று புதிய ப்ரீஆம்ப் வாங்குவோர் பலர். தாளில் ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் அளவைக் குறித்திருந்தால் அச்செலவு மிஞ்சியிருக்கும்.

இரைச்சலின் கதை இன்னும் கவலைக்குரியது. இரு கருவிகள் வெவ்வேறு சாக்கெட்டுகளில் எர்த் பெற்று, கேபிளாலும் இணைந்திருந்தால், ஒரு வளையம் உருவாகி 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எழும். அதை அடக்கப் பிளக்கின் எர்த் முனையை அகற்றிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது 230 வோல்ட் மின்சாரத்தோடு ஆடும் விளையாட்டு. உலோகத் தாங்கியில் மைக்கைப் பிடித்து நிற்பவர் பாடகர், ஆபத்தும் அவருக்கே. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் தருவதும், பேலன்ஸ்டு கேபிள்களைப் பயன்படுத்துவதும், தேவையான இடத்தில் மின்மாற்றி கொண்ட டி.ஐ. பெட்டியை வைப்பதுமே முறையான தீர்வு.

"எல்லாம் கணினிக்குள் நடக்கும்போது இவ்வளவு எதற்கு?" என்று கேட்பார்கள். இரண்டே உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவருக்குப் பேட்ச் பே தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி அவருக்கும் உண்டு. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வேகத்தில், 256 மாதிரிகள் கொண்ட பஃபர் ஒருமுறைக்கு ஏறத்தாழ 5.3 மில்லிவிநாடி தாமதம் தரும். உள்ளே சென்று வெளியே வருவதற்குள் அது 10 மில்லிவிநாடியைத் தாண்டும். பாடகரின் ஹெட்போனுக்குக் குரல் கணினி வழியாக வருகிறதா, இன்டர்ஃபேஸிலிருந்து நேராக வருகிறதா என்பதும் வழியைப் பற்றிய கேள்வியே.

பெயரிடுதலும் இதில் அடங்கும். 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்துக்காகப் பாடிய கௌஹர் ஜான், பாடல் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். தகடுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாயின. பாடியவரை அங்கிருந்தோர் அடையாளம் காண அது உதவியது. தான் பிறந்த இடத்தைவிட்டு நகரும் ஒலி, தன் பெயரையும் சுமந்து செல்ல வேண்டும் என்பது அன்றே உணரப்பட்டது. நம் கணினிகளிலோ "ஆடியோ 1", "ஆடியோ 2" என்றே கோப்புகள் குவிகின்றன. பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றில் எது பாடகரின் குரல், எது பின்பாட்டு என்று யார் சொல்வார்?

நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு தாள். இடப்பக்கம் ஒலி பிறக்கும் இடங்கள், வலப்பக்கம் அது சேரும் இடங்கள், நடுவில் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண். அதே எண் கேபிளின் இரு முனைகளிலும், கணினியின் சேனலிலும் இருக்கட்டும். இணைப்பு மாறும் நாளிலேயே தாளும் திருத்தப்படட்டும். அறையின் சொந்தக்காரர் ஊரில் இல்லாத நாளிலும், வேறொருவர் அத்தாளை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் பதிவைத் தொடங்க இயல வேண்டும். அதற்கு இயலாத அறையில் எவ்வளவு விலையுயர்ந்த மைக் இருந்தாலும், அங்கு வரும் கலைஞரின் நேரத்துக்கு உரிய மதிப்பு இன்னும் தரப்படவில்லை என்றே பொருள்.