விழுந்த கோலை எடு, மகளே!

கோல் கீழே விழுந்தது.

மேடையில் நின்ற பெண் ஒரு நொடி திகைத்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் குனிந்தாள். கோலை எடுத்தாள். மறுபடியும் சுற்றத் தொடங்கினாள். பாட்டு முடியும் வரை சுற்றினாள்.

பரிசு வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. இவள் வெறுங்கையுடன் வீடு திரும்பினாள். மறுநாள் காலையில் அதே கோலை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போனாள்.

"அடுத்த ஆண்டும் போட்டிக்குப் போகப் போகிறேன்" என்றாள்.

இது ஒரே ஒரு பெண்ணின் கதை அல்ல. அமெரிக்க நாட்டில் கையில் கோலுடன் அழகுப் போட்டிக்குப் போகும் பெண்களுக்கு நேரக்கூடிய அனுபவம்.

"அழகுப் போட்டி என்கிறீர்கள். அங்கே கோலுக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். சொல்கிறோம். அதில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

போட்டி பிறந்த கதை

அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்று ஒரு கடற்கரை ஊர். கோடை விடுமுறைக்கு அங்கே கூட்டம் குவியும். விடுமுறை முடிந்ததும் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஓட்டல்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிடும்.

கூட்டத்தை இன்னும் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு ஒரு வேடிக்கை வேண்டும். அதற்காக 1921ஆம் ஆண்டில் தொடங்கியதுதான் "மிஸ் அமெரிக்கா" அழகுப் போட்டி. முதல் ஆண்டு வென்ற பெண்ணின் பெயர் மார்கரெட் கார்மன். அப்போது அவருக்கு வயது 16.

ஆக, போட்டி பிறந்தது வியாபாரத்துக்காக. இதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால், வெறும் முகத்தையும் உடம்பையும் பார்த்துப் பரிசு கொடுப்பது நியாயமா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. 1938 முதல், போட்டிக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் ஏதாவது ஒரு கலைத் திறமையைக் காட்டியே தீர வேண்டும் என்று விதி வந்தது. 1945 முதல் வெற்றி பெற்ற பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்புக்குப் பணம் கொடுத்தார்கள். நீச்சல் உடையில் நடக்கும் பகுதியை நீக்கிவிட்டதாக 2018இல் அறிவித்தார்கள்.

திறமை காட்டும் மேடையில் சிலர் பாடுவார்கள். சிலர் பியானோ வாசிப்பார்கள். சிலர் ஆடுவார்கள். சிலர் கோல் சுற்றுவார்கள்.

கோல் என்றால் என்ன?

பேண்டு வாத்தியக்காரர்கள் ஊர்வலமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோருக்கும் முன்னால் ஒருவர் கோலைச் சுழற்றிக்கொண்டு நடப்பார். அந்தக் கோல் காட்டும் தாளத்துக்குத்தான் பின்னால் வருகிறவர்கள் நடப்பார்கள்.

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் இந்த வேலையைப் பெண் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். நாளடைவில் அது தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. இன்று அதற்கு உலகப் போட்டிகளும் நடக்கின்றன.

அந்தக் கோல் மெல்லிய உலோகக் குழாய். இரு முனைகளிலும் ரப்பர் குமிழ் இருக்கும். ஒரு குமிழ் பெரிது, மற்றது சிறிது. ஆகவே, கோலின் எடை சரிபாதியில் நிற்காது. எங்கே பிடித்தால் சமமாக நிற்கும் என்பதைக் கை கற்றுக்கொள்ள வேண்டும்.

கோலை விரல்களுக்கிடையே உருட்ட வேண்டும். முழங்கையில் சுற்ற வேண்டும். உயரே வீசிவிட்டு, அது கீழே வருவதற்குள் தானும் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். தவறினால் கோல் தரையில் "டங்" என்று விழும். எல்லோர் காதிலும் கேட்கும். மறைக்க முடியாது.

மேடையில் இதற்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்தான். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டும்.

இங்கேதான் முகத்துக்கும் கோலுக்கும் உள்ள வித்தியாசம். முகம் பெற்றோர் தந்தது. அதற்காக யாரும் உழைக்கவில்லை. கோல் அப்படி அல்ல. உழைக்காதவள் கையில் அது நிற்காது.

நம் ஊர்க் கம்பு

பெரம்பலூர்ச் சீமையிலும் அரியலூர்ச் சீமையிலும் இதைப் படிக்கும் பெரியவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். "இது என்ன பெரிய அதிசயம்? நம் சிலம்பம் இல்லையா?" என்று கேட்பார்கள்.

சரியான கேள்வி!

அங்கே உலோகக் கோல். இங்கே மூங்கில் கம்பு, பிரம்புக் கம்பு. அங்கே கோல் கை நீளம்தான். இங்கே கம்பு ஆடுகிறவரின் நெற்றி உயரம். அது ஊர்வலத்துக்குப் பிறந்தது. இது உயிரைக் காத்துக்கொள்ளப் பிறந்தது. சிலம்பத்தில் கை மட்டும் போதாது. காலடி முக்கியம். கால் தவறினால் கம்பும் தவறும்.

முன்பெல்லாம் கோயில் திருவிழாவில் ஆண்கள் மட்டுமே கம்பு சுற்றுவார்கள். பெண்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். இன்று பெண் பிள்ளைகளும் களத்தில் இறங்கிவிட்டார்கள். தனிக் கம்பு சுற்றுகிறார்கள். இரட்டைக் கம்பு சுற்றுகிறார்கள். எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டியிலும் நிற்கிறார்கள்.

2024 ஜனவரியில் "கேலோ இந்தியா" இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தன. சென்னை, மதுரை, கோவை, திருச்சி ஆகிய நான்கு நகரங்களில் நடந்தன. அதில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. ஊர்த் திருவிழாவில் சுற்றிய கம்பு, நாடு பார்க்கும் களத்துக்கு வந்துவிட்டது.

ஆனால், வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

பத்து வயதுப் பெண் கம்பு சுற்றினால் வீடே கை தட்டுகிறது. அவளுக்குப் பதினான்கு, பதினைந்து வயது ஆகட்டும். "இனிமேல் எதற்கடி இதெல்லாம்?" என்று குரல் மாறிவிடுகிறது. ஒரு போட்டியில் தோற்றுவிட்டு வந்தால் போதும். "போனாயே, என்ன கண்டாய்? ஊர் சிரித்ததுதான் மிச்சம்" என்கிறார்கள். கம்பு பரணுக்குப் போய்விடுகிறது. சில வீடுகளில் அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சுதான்.

18 வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அதையும் இந்த இடத்தில் நினைவூட்டுகிறோம்.

தோற்றவர்கள் திரும்பி வந்தார்கள்

தோற்ற பெண் மறுபடியும் போட்டிக்குப் போவது வெட்கமா? நடந்த கதைகளைப் பாருங்கள்.

சண்டிகர் நகரைச் சேர்ந்தவர் ஹர்னாஸ் சந்து. 2019இல் இந்திய அழகிப் போட்டியில் கலந்துகொண்டார். முதல் 12 பேருக்குள் வந்தார். அதோடு சரி, கிரீடம் கிடைக்கவில்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 2021இல் வேறொரு போட்டிக்குப் போனார், வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் இஸ்ரேல் நாட்டில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் பட்டம் சூடினார். 21 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்கு அந்தப் பட்டம் வந்தது.

இன்னொருவர் நீனா தாவுலூரி. ஆந்திராவிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய குடும்பத்துப் பெண். 2012இல் நியூயார்க் மாநிலப் போட்டியில் முதலிடம் கிடைக்கவில்லை. 2013இல் மீண்டும் போனார், வென்றார். அதே ஆண்டு "மிஸ் அமெரிக்கா" ஆனார். திறமை காட்டும் மேடையில் அவர் ஆடியது நம் நாட்டு நடனம்! அவருடைய நிறத்தையும் பூர்வீகத்தையும் சொல்லிச் சிலர் ஏசினார்கள். அவர் கலங்கவில்லை. கிடைத்த பணம் படிப்புக்கான 50,000 டாலர்.

மூன்றாவது கதை நமக்குப் பக்கத்துக் கதை. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்த ஊர்கள்தாம். அந்தத் திருச்சியைச் சேர்ந்தவர் அனுகீர்த்தி வாஸ். தாயின் உழைப்பில் வளர்ந்தவர். விளையாட்டு வீராங்கனை. சென்னை லயோலா கல்லூரி மாணவியாக இருந்தபோது, 2018இல் இந்திய அழகிப் பட்டம் பெற்றார். பிறகு சீனாவில் நடந்த உலகப் போட்டியில் முதல் 30 பேருக்குள் வந்தார். உலகப் பட்டம் கிடைக்கவில்லை. அதனால் அவர் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை!

நாம் எதைப் பாராட்டுகிறோம்?

"அப்படியானால், எல்லாப் பெண்களும் அழகுப் போட்டிக்குப் போக வேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. அப்படிச் சொல்லவில்லை.

பெண்ணின் நிறத்தையும் இடுப்பையும் அளந்து மார்க் போடுவது, நெல்லை விட்டுவிட்டுச் சாக்கை எடை போடுவது போல. அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பட்டினி கிடந்து உடம்பை இளைக்கச் சொல்லும் போட்டி வேண்டாம். கண்ட களிம்பைப் பூசி வெளுக்கச் சொல்லும் போட்டியும் வேண்டாம்.

1966இல் உலக அழகிப் பட்டம் பெற்ற ரீட்டா பாரியாவை நினைத்துப் பாருங்கள். ஆசியாவிலேயே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அப்போது பம்பாயில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆண்டு பட்டத்தோடு இருந்தார். பிறகு, விளம்பர வாழ்க்கை வேண்டாம் என்று மருத்துவப் படிப்புக்கே திரும்பிவிட்டார். டாக்டர் ஆனார். எது நிலைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, நாம் பாராட்டுவது கிரீடத்தை அல்ல. விழுந்த கோலைக் குனிந்து எடுக்கிற கையை. அந்தக் கை சிலம்பக் களத்தில் இருக்கலாம். அழகுப் போட்டி மேடையில் இருக்கலாம். தேர்வு எழுதும் அறையிலும் இருக்கலாம். "இன்னொரு முறை போகிறேன்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு ஒரே நாளில் வராது. அதை வளர்ப்பதும் வீடுதான், ஒடிப்பதும் வீடுதான்.

பெற்றோருக்குச் சில வார்த்தை

பெற்றோரின் பயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பயத்துக்குக் காரணம் உண்டு. போட்டி நடத்துவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் பேர்வழிகளும் இருக்கிறார்கள். ஆகவே, பெண் பிள்ளை ஏதாவது போட்டிக்குப் போக வேண்டும் என்று கேட்டால், "கூடாது" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் நன்றாக விசாரியுங்கள்.

போட்டியை நடத்துவது யார்? முன்பு எங்கே நடத்தினார்கள்? கட்டணம் எவ்வளவு? எதற்காகக் கேட்கிறார்கள்? எழுத்தில் கொடுப்பார்களா? என்ன உடை உடுத்தச் சொல்கிறார்கள்? பெண்ணுடன் தாயோ தகப்பனோ கூட இருக்க அனுமதி உண்டா? படம் எடுத்தால் அது எங்கே போகும்?

இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்துக்கு அனுப்ப வேண்டாம். நேரான பதில் வந்தால், கூடவே போங்கள். பரீட்சை நேரமாக இருந்தால், படிப்பு முதலில், போட்டி பிறகு. கடன் வாங்கிப் போக வேண்டிய போட்டி என்றால், அதையும் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவள் புரிந்துகொள்வாள்.

தோற்றுவிட்டு வந்தால், "ஏன் தோற்றாய்?" என்று கேட்காதீர்கள். முதலில் சோறு போடுங்கள். தூங்கட்டும். மறுநாள், "எந்த இடத்தில் தவறியது, அம்மா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். அவளே கம்பை எடுத்துக் காட்டுவாள். தவறிய இடத்தைத் தெரிந்துகொண்டவளுக்குப் பாதி வழி கடந்தது போலத்தான்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு சொல். மகன் கபடியில் தோற்று வந்தால், "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்டா" என்று முதுகில் தட்டுகிறீர்கள். மகளின் முதுகிலும் அதே கை ஒரு முறை தட்டட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் மகளின் கம்பு தூசி படிந்து கிடக்கிறதா? இறக்கிக் கொடுங்கள். வாசலில் நின்று சுற்றச் சொல்லுங்கள். கை தவறிக் கம்பு கீழே விழலாம்.

விழட்டுமே! எடுத்துக்கொள்வாள்.